கிராண்ட் இல்லாத மலை: கம்போங் ராஜாவின் வாழ்வும் பிழைப்பும்

ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாயில் பெருஞ்சாலையை விட்டு விலகினால் மலைப்பாதை தொடங்கிவிடும். முதலில் சுண்ணாம்புக் குன்றுகளைக் குடைந்தெடுக்கும் கல்லுடைப்பு ஆலைகள். பிறகு காடு, வளைவு, மீண்டும் காடு. காது அடைத்துத் திறக்கும். பேராக் மாநிலம் முடிந்து பகாங் தொடங்கியபின் முதலில் தட்டுப்படும் ஊர் கம்போங் ராஜா. கேமரன் மலைக்கு வரும் பயணிகளில் பலருக்கு இது வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்ட ஊர், அவ்வளவுதான். அவர்கள் தேடி வந்த கேமரன் மலை இன்னும் தெற்கே, கியா ஃபார்ம் சந்தையிலும் பிரிஞ்சாங் விடுதிகளிலும் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவிலும் தானா ராத்தாவிலும் இருக்கிறது.

ஆனால் இந்த மலை எப்படிப் பிழைக்கிறது என்று அறிய விரும்புகிறவர் கம்போங் ராஜாவில்தான் இறங்க வேண்டும். இங்கே தேயிலை கண்ணுக்கு விருந்து. சோறு போடுவது காய்கறி. தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழர், காய்கறிக்காக வந்த சீனர், இருவருக்கும் முன்பே இருந்த பூர்வகுடியினர், நேற்று வந்த வங்காளதேச, மியன்மார் தொழிலாளர் எல்லாரும் ஒரே பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுவான ஒன்று உண்டு. தாம் நிற்கும் மண் தம்முடையது என்று காட்ட அவர்களிடம் தாள் இல்லை. தமிழ்நாட்டில் பட்டா என்பதை மலேசியத் தமிழர் கிராண்ட் என்பார்கள். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊரைச் சுற்றிவந்தால் அதன் பொருளாதாரமும் பண்பாடும் அரசியலும் ஒரே நூலில் கோத்தவை என்பது புரியும்.

*

1885ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். அவர் பெயர்தான் மலைக்கு வந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகள் யாரும் எதுவும் செய்யவில்லை. 1925ல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபிறகே இதை மலைவாசத்தலமாக்கும் வேலை சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை 1931ல் முடிந்தது. சாலை முடியும் முன்பே, 1929ல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் தேயிலைக்கு நிலம் பெற்றுவிட்டார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. இன்று மலேசியக் கடைகளில் முதலில் கைக்கு வரும் 'போ' தேயிலையின் தொடக்கம் அதுதான். சில ஆண்டுகளில் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தோட்டத்தைத் தொடங்கியது. வடக்குக் கோடியில், கம்போங் ராஜாவுக்கு அப்பால், புளூ வேலியிலும் தேயிலை ஏறியது.

இந்த ஆண்டுகளை வேறு மலைகளோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை நட்டது 1867ல். நீலகிரியிலும் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலை வேரூன்றிவிட்டது. கேமரன் மலை அவற்றுக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது. உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை படுத்து, 1930க்கும் 1932க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட அதே நேரத்தில்தான் இங்கே தேயிலைக் கன்று ஊன்றப்பட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. ஆக, நேரே ஊரிலிருந்து ஆள் பிடித்து மலைக்கு ஏற்ற இந்தத் தோட்டங்களுக்குக் கிடைத்தது பத்து ஆண்டுகூட இல்லை. கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பழகிய கைகளும் கொழுந்து கிள்ள வந்தன.

இதனால் நேர்ந்த வேறுபாடு பெரிது. இலங்கை மலையகத்தில் தமிழர் ஒரு மக்கட்கூட்டமாகத் திரண்டார்கள். தமக்கென்று நாட்டுப்புறப் பாட்டும் கட்சியும் இலக்கியமும் அவர்களுக்கு உண்டாயின. கேமரன் மலைத் தமிழர் தொகையில் சிறியவர்கள். மலேசியத் தமிழ் எழுத்தில் பால்மரம் பெற்ற இடத்தைத் தேயிலைச் செடி பெறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்துபோன அகிலன்கூட நாவலுக்குத் தலைப்பு வைத்தபோது 'பால்மரக் காட்டினிலே' என்றார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை உலக வாசகருக்குக் கொண்டுபோனது தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். 2012ல் அது புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போயிற்று. அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களின் பேத்திகளில் ஒருத்தி எழுதும் தமிழ் நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். அது வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

*

தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். மண்டோர் ஆளைப் பிரித்துவிடுவார். கிராணி கணக்கு எழுதுவார். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். மேலே துரையின் பங்களா, கீழே வரிசை வீடுகள், நடுவில் கோயில், ஒரு கடை, ஒரு தமிழ்ப்பள்ளி. ரப்பர்த் தோட்டத்தின் இந்த அச்சைத் தேயிலைத் தோட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. மாறியது குளிர் மட்டும். ஈரக் கொழுந்துக்குள் இடுப்பளவு இறங்கி நிற்கும் வேலையில், முட்டிவலியும் மூச்சுத்திணறலும் ஐம்பது வயதுக்குள் வந்துவிடும் என்று மூத்த பெண்கள் சொல்வார்கள்.

கொழுந்து பறிப்பது மூன்று கட்டமாக மாறியிருக்கிறது. முதல் தலைமுறை முதுகில் கூடையைக் கட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளியது. அது பெண்களின் வேலை, விரலின் வேலை. அடுத்து வந்தது பை கட்டிய கத்தரி. ஒரு வெட்டில் ஒரு பிடி கொழுந்து பைக்குள் விழும். அதற்கும் அடுத்தது இருவர் இருபுறமும் பிடித்துச் செடியின் தலைக்குமேல் நடத்திக்கொண்டு போகும் இயந்திரம். இப்போது சரிவில் தெரிபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வெளிநாட்டவர். பச்சைக் கொழுந்து சுமார் ஐந்து கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தூள். வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தி, சலிக்கும் ஆலைக்குள்ளும் ஆள் குறைந்துவிட்டது. 'போ' நிறுவனம் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை ஆக்குகிறது. நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு அது. இருந்தும் மலேசியா குடிக்கும் தேநீருக்கு உள்நாட்டுத் தூள் போதாது. மூலைக்கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்கில் கலந்திருப்பது பல நாட்டு இலை.

இயந்திரம் வந்த கதையில் ஆப்பிரிக்காவையும் எட்டிப் பார்க்க வேண்டும். கென்யாவின் மேற்கு மேட்டுநிலத்தில் கெரிச்சோ என்று ஒரு நகரம். கேமரன் மலையைப்போலவே 1920களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் அங்கே தேயிலையைப் பெருக்கின. நிலம் கிப்சிகிஸ் மக்களுடையது. உழைப்புக்கு வேறு மாவட்டங்களிலிருந்தும் ஆள் வந்தது. நூறு ஆண்டுக்குப் பின் அங்கேயும் கொழுந்து பறிக்கும் இயந்திரம் வந்தது. 2023 மே மாதம் கெரிச்சோ மக்கள் திரண்டு அந்த இயந்திரங்களைக் கொளுத்தினார்கள். கேமரன் மலையில் இயந்திரத்தை யாரும் கொளுத்தவில்லை. கெரிச்சோவில் வேலையை இழக்கப் போகிறவர்கள் இயந்திரத்துக்கு எதிரே நின்றார்கள். இங்கே இயந்திரம் வரும் முன்பே தமிழ் இளைஞர் மலையிறங்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தத்தில் வந்தவர் சண்டை பிடிக்க முடியாது.

தமிழர் இறங்கியதற்குக் கூலி ஒரு காரணம். நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் என்பதே 2013ல்தான் நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். அது 2022ல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நின்றால்கூட இதே சம்பளம், குளிரும் சரிவும் இல்லாமல். ஆனால் கூலியைவிட ஆழமான காரணம் வீடு என்றே நான் கருதுகிறேன். தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை நின்றால் வீடும் நின்றது. முப்பது, நாற்பது ஆண்டு ஒரே வாசலில் கோலம் போட்ட பெண்ணிடம், ஓய்வு பெற்ற மாதம் சாவியைக் கேட்பார்கள். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருந்தால் அந்த வீடு குடும்பத்துக்கு நிற்கும். எத்தனையோ பிள்ளைகள் வீட்டைக் காப்பாற்றவே பள்ளியை விட்டுக் காட்டுக்கு இறங்கினார்கள் என்பது தோட்டங்கள் எல்லாவற்றிலும் கேட்கும் கதை. அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

இதற்கும் முன்னால் ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. 1968ன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று ஆயிற்று. 1957க்குப் பின் குடியுரிமைக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்பதே தோட்டத்தில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்களுக்கும் பிறப்புப் பத்திரம் கிடையாது. மலேசியா முழுவதுமாகச் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பது வரலாற்றில் பதிந்த கணக்கு. இலங்கையில் 1964ன் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை ஒரு மக்களைப் பிரித்தது. அங்கிருந்து வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களையே உண்டாக்கியது. மலாயாவிலிருந்து திரும்பியவர்களுக்கு அப்படி உடன்படிக்கையும் இல்லை, தோட்டமும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி, தங்களை மறந்துபோன கிராமங்களில் இறங்கினார்கள்.

*

இனிக் காய்கறிக்கு வருவோம், கம்போங் ராஜாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நாள்தோறும் பிற்பகலில் ஊர் விழித்துக்கொள்ளும். பக்கத்துப் பள்ளங்களிலிருந்து முட்டைக்கோஸ், தக்காளி, சாலாட், குடமிளகாய், வெங்காயத்தாள், செவ்வந்திப் பூ எல்லாம் வந்து சேரும். கொண்டுவருவன பெரும்பாலும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகள். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்திலும் படையிலும் ஓடிய இந்த வகை வண்டி உலகின் வேறு பகுதிகளில் காட்சிக்கு நிற்கும் நிலையில், இங்கே தகரம் தட்டி, கதவைக் கயிற்றால் கட்டி, சேற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சேறு ஏறத் தெரிந்த வண்டி வேறில்லை என்று விவசாயிகள் அடித்துச் சொல்வார்கள். சாயங்காலம் தரம் பிரித்துக் கூடையில் அடுக்கி லோரியில் ஏற்றினால், விடிவதற்குள் கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையில் இருக்கும். சிங்கப்பூருக்கும் போகும்.

இந்த ஓட்டத்தைச் சாத்தியமாக்கியது சிம்பாங் பூலாய்ச் சாலை. அதற்கு முன்பு கம்போங் ராஜா சாலையின் கடைசி ஊர். தாப்பாவிலிருந்து ஏறி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், குவாலா தெர்லா எல்லாம் கடந்து, அதற்குமேல் போக வழியில்லாமல் நின்ற இடம். காய்கறி கீழே போவதென்றால் மலை முழுவதையும் தெற்காகக் கடந்து போக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் புதிய சாலை வந்ததும் ஊரின் வரைபடமே திரும்பிக்கொண்டது. கொல்லைப்புறம் தலைவாசல் ஆனது. ஈப்போ பக்கமானது, அதே சாலை கிழக்கே லோஜிங் வழியாகக் குவா மூசாங்குக்கும் போனது. விலை கிடைத்தது. விலையோடு காடும் போனது. கிளந்தான் பக்கம் லோஜிங்கில் மலைமலையாகக் காடு வழிக்கப்பட்டுக் காய்கறிப் பாத்தியானதை அந்தச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம்.

தமிழர் காய்கறிக்கு வந்தது தோட்டத்தின் ஓரத்திலிருந்து. வரிசை வீட்டுப் பின்புறத்தில் கொத்தி விதைத்த கீரையும் சௌசௌவும் முதலில் வீட்டுக்கு, பிறகு கடைக்கு. துணிந்த சிலர் வேலையை விட்டு ஓடையோரத்தில் ஒரு துண்டு நிலத்தைத் திருத்தினார்கள். சீன விவசாயிகளிடம் கூலிக்கு நின்று நுட்பம் கற்றார்கள். இன்று கம்போங் ராஜா, குவாலா தெர்லா வட்டாரங்களில் தமிழ் விவசாயிகளைக் காணலாம். தேயிலைக் கூலியின் மகன் தன் பேரில் ஒரு லோரி நிறுத்தியிருப்பது சிறிய செய்தியல்ல.

ஆனால் அந்த லோரிக்கு உரிமைப் பத்திரம் உண்டு, நிலத்துக்கு இல்லை. இங்குள்ள காய்கறி நிலத்தில் பெரும்பகுதி தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நடந்துவந்தது. டி.ஓ.எல். என்பது எல்லார் வாயிலும் புழங்கும் சொல். 1965ன் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஆண்டு முடிவோடு முடிகிறது. கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறருக்குக் கைமாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும். மகனுக்குத் தானாக வராது. வங்கியில் அடகு வைக்க முடியாது. நிலைத்த கட்டடம் எழுப்ப முடியாது. அப்பா திருத்திய நிலத்தில் மகன் அனுமதி கேட்டு நிற்பான்; அவன் மகனும் நிற்பான். அண்மை ஆண்டுகளில் மாநில அரசு இதைக் குத்தகை முறைக்கு மாற்ற முனைந்தது. கட்டணம் கூடியது, உறுதி எவ்வளவு கூடியது என்பதில் விவசாயிகளிடையே இன்னும் ஒருமித்த பேச்சு இல்லை.

இந்த உரிமத்தைச் செடியிலேயே படிக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் நிலத்தில் யார் மரம் நடுவார்? மூன்று மாதத்துக்குள் கையில் காசாகும் பயிரைத்தான் எல்லாரும் நாடுகிறார்கள். மண்ணைக் காக்க வரப்புக் கட்டுவதும் வடிகாலுக்குச் செலவிடுவதும் நாளை நம்மிடம் இருக்கும் நிலத்துக்குச் செய்வது. பத்து ஆண்டு உறுதியில்லாதவன் பிளாஸ்டிக் கூரை போடுவான். மழையை மறைத்து ஆண்டு முழுவதும் விளைவிப்பான். இன்று மலைமேல் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. மண் உறிஞ்ச வேண்டிய மழை பிளாஸ்டிக்கில் வழுக்கி ஒரே பாய்ச்சலில் ஓடைக்குப் போகிறது. கோழி எருவைப் பதப்படுத்தாமல் கொட்டுவதால் ஈ மொய்ப்பதும், மருந்து மிகுதியாக அடிப்பதும் விவசாயியின் குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. குறை அவரிடமும் இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தை அவருக்குக் கற்பித்தது டிசம்பர் 31ல் காலாவதியாகும் அந்தத் தாள்.

விலையும் அவர் கையில் இல்லை. சீனாவிலிருந்து கோஸ் மலிவாக இறங்கினால் இங்கே பாத்தியிலேயே உழுதுவிடுவார்கள். 2020 மார்ச்சில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சந்தையும் லோரியும் தடுமாறின. கேமரன் மலை விவசாயிகள் அறுத்த காய்கறியைக் குவியல் குவியலாகக் கொட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. கீழே நகரத்தில் மக்கள் காய்கறி கிடைக்காமல் வரிசையில் நின்ற அதே வாரம் அது.

*

மண் இறங்கிப் போகும் வழியையும் சொல்லியாக வேண்டும். கம்போங் ராஜா, புளூ வேலி நீரெல்லாம் தெலோம் ஆற்றில் சேர்கிறது. 1960களில் கட்டிமுடித்த கேமரன் மலை நீர்மின் திட்டம் தெலோம் நீரை மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து, தெற்கே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பியது. அங்கிருந்து நீர் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணைக்குப் போகும். ஆக, வடக்குக் கோடியில் மண்வெட்டி கிளறும் மண் தெற்குக் கோடி நீர்த்தேக்கத்தில் படிகிறது. வண்டல் தூர்ந்து அணையின் கொள்ளளவு சுருங்கியது. 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் கனமழையில் அணை நீரைத் திறந்துவிட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. அதன் பிறகே சட்டவிரோத நில அழிப்புக்கு எதிரான நடவடிக்கைகள் வேகம் பெற்றன. அப்போது இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜி. பழனிவேல்தான் இயற்கைவளச் சுற்றுச்சூழல் அமைச்சரும்.

சரிவுகள் புதியவை அல்ல. 1961ல் ரிங்லெட்டில் மண் சரிந்து 16 பேர் இறந்தார்கள். 2011 ஆகஸ்ட் 7ல் பிரிஞ்சாங் அருகே சுங்கை ருயில் பூர்வகுடிக் குடியிருப்பில் ஏழு பேர். 2024 ஜனவரியில் புளூ வேலியில் நள்ளிரவுக்குப் பின் சரிந்த மண்ணில் ஐந்து மியன்மார் தொழிலாளர் புதைந்துபோனார்கள். மலையின் மிக மோசமான நிலத்தில் மிக மலிவான கொட்டகை போட்டுத் தூங்குபவர் யாரோ அவரையே ஒவ்வொரு முறையும் மண் எடுத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கொட்டகைகளில் நம்மவர் இருந்தார்கள். அதனால் அந்த ஐவரின் சாவு நமக்கு அயல் செய்தி ஆகக்கூடாது.

பூர்வகுடியினரின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் பெரும்பாலோர் செமாய் மக்கள். கிளந்தான் பக்கம் தெமியார். மாவட்டத்தின் நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவர்கள். 1954ன் பூர்வகுடியினர் சட்டம் அவர்களுக்குக் குடியிருக்க இடம் தந்ததே தவிர உரிமை தரவில்லை. அரசு நினைத்தால் எழுப்பலாம் என்பதே அதன் பொருள். 1990களின் பிற்பகுதியிலிருந்து நீதிமன்றங்கள் அவர்களின் மரபுவழி நில உரிமையை ஏற்கத் தொடங்கின. ஆனால் தீர்ப்பு மலையேறி வருவதற்குள் காடு போய்விடுகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு இவர்களின் வேட்டைக்காடும் கிழங்குக்காடும் கொடுக்கப்பட்டபோது, அங்கே வேலைக்கு வந்த தமிழருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இருவரும் ஒரே சந்தையில் பொருள் விற்கிறார்கள். இருவருக்கும் கிராண்ட் இல்லை. இருந்தும் இருவரும் ஒரே மேடையில் நின்று நிலம் கேட்டதில்லை. இந்த மலையின் அரசியலில் எனக்கு மிகப்பெரிய இழப்பாகப் படுவது இதுதான்.

2004ல் முதன்முறையாகத் தேர்தல் கண்ட கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் தமிழ் வேட்பாளர்களுக்கே தொடர்ந்து போனது. 2018 வெற்றியை நீதிமன்றம் செல்லாததாக்க, 2019 ஜனவரியில் இடைத்தேர்தல். தேசிய முன்னணி பூர்வகுடியைச் சேர்ந்த ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. 3,238 வாக்கு வேறுபாட்டில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் ஆனார். தமிழர் பலருக்கு அது தொகுதி கைநழுவிய வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்த மக்கள் தங்கள் மலையிலிருந்து ஒருவரை அனுப்ப, நாடு விடுதலை பெற்று அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் நிலம் மாநிலத்தின் கையில் இருப்பது. முடிவு கிழக்குக் கரையில் உள்ள மாநிலத் தலைநகர் குவாந்தானில் ஆகிறது. கம்போங் ராஜாக்காரர் நோய் முற்றினால் ஈப்போவுக்கு ஓடுகிறார், பிள்ளைக்குச் சட்டை வாங்க ஈப்போவுக்கு இறங்குகிறார், காய்கறியையும் அந்த வழியே அனுப்புகிறார். அவருடைய நிலத்தின் தலையெழுத்து மட்டும் நாட்டின் மறுகோடியில் எழுதப்படுகிறது.

*

கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் நாலைந்து மொழி காதில் விழும். தமிழ் விவசாயி சீன முகவரிடம் சீனத்தில் பேரம் பேசுவார். தொழிலாளியிடம் உடைந்த மலாய். வீட்டுத் தமிழ் இன்னும் இருக்கிறது. 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டால் காலை உணவு ஆயிற்றா என்று பொருள். மலேசியாவின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இந்த மலைப் பள்ளிகள் மாணவர் தொகையில் சிறியவை. தோட்டத்துக் குடும்பங்கள் குறையக் குறைய வகுப்பில் பெயர்கள் குறைகின்றன. பெற்றோர் தோட்டத்தில் இருந்தால்தான் பிள்ளை பள்ளியில் இருக்கும். பெற்றோருக்கு வீடு இருந்தால்தான் தோட்டத்தில் இருப்பார்கள். பள்ளியைக் காப்பது பற்றிய கூட்டங்களில் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது பயனற்ற வேலை என்று உறுதியாக நம்புகிறேன். 1990ல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அது குழாயையும் கூரையையும் அளந்தது. சொந்த வீட்டுத் திட்டம் வேறு காரியம். தோட்ட நிலத்தில் ஒரு மூலையைப் பிரித்துத் தொழிலாளர் பேருக்கே எழுதிக்கொடுப்பது கீழ்நாட்டில் சில இடங்களில் நடந்திருக்கிறது. மலையில் அதற்கு இடமில்லை என்பவர்கள் விடுதிகள் எழும் இடங்களையும் சற்றுப் பார்க்கட்டும்.

தோட்டத்து மாரியம்மனும் தோட்ட நிலத்தில்தான் இருக்கிறாள். கல்லும் வேலுமாகத் தொடங்கிய கோயில் தகரக் கூரையாகி, பிறகு சிமெண்டுக் கோபுரமாகியிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த காசு. ஆண்டுத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே வாட்சாப்பில் அழைப்பு சுற்றத் தொடங்கிவிடும். ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் எண் பலகை கொண்ட கார்கள் தேயிலைச் சரிவோரம் வரிசையாக நிற்கும். இன்னும் வேலையில் இருக்கும் ஒரு சித்தி வீட்டில், ஒரு மாமா வீட்டில், கூடத்தில் பாய் விரித்துப் பதினைந்து பேர் படுத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு வெந்நீர் கேட்பார்கள். அவர்களுக்குத் தாத்தா கன்று நட்ட சரிவு எது, பாட்டி பேர் கொடுத்த களம் எது என்று யாராவது கைநீட்டிக் காட்டுவார்கள். கூழ் ஊற்றி, பால்குடம் எடுத்து, மறுநாள் காலையில் எல்லாரும் சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கிப்போவார்கள். அன்று பிற்பகலிலும் வழக்கம்போல லேண்ட்ரோவர்கள் கோஸ் ஏற்றிக்கொண்டு கம்போங் ராஜாவுக்கு வரும்.